சுண்ணாம்புக் கோட்டுக்குள் கட்டுமரம்

சுதந்திரம் வந்த புதிதில் ராயபுரத்தில் மூன்று பேர் ஓரிடத்தில் நின்றால் போதும், அங்கே ஒரு சங்கம் முளைத்துவிடும். நான்காவது ஆள் வந்து சேர்ந்தால் அதற்கு ஒரு கிளை. எங்கள் தெரு மட்டும் சங்கம் இல்லாமல் கிடந்தது. அந்தக் குறையைத் தீர்க்கவே பிறந்தவர்போல, ஏதோ ஒரு கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தெருவின் கிழக்கு வரிசையில் இருந்த மாடி வீட்டை வாங்கிக் குடிவந்தார். அவரோடு ஒரு குட்டிக் காரும் வந்தது. இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் மூச்சை மட்டும் உள்ளே அனுப்பலாம், அவ்வளவு பெரிய கார். எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் கார். அது வந்து நின்ற அன்றே அவர், "இந்தத் தெருவுல டிராபிக் சரியில்லை" என்றாராம்.

அவர் சொன்ன டிராபிக் எங்கள் கட்டுமரங்கள்தான்.

கட்டுமரத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். கயிற்றால் கட்டியிருக்கும்வரைதான் அது கலம். கரைக்கு வந்து கயிற்றை அவிழ்த்தால் வெறும் மரங்கள். அவிழ்த்தே ஆக வேண்டும். கடலில் இருக்கும் நேரமெல்லாம் மரம் தண்ணீர் குடிக்கும். வெயிலில் பிரித்துப் போட்டுக் குடித்ததைக் கக்க வைக்காவிட்டால் மறுநாள் கனத்துப்போய், அலைமேல் ஏறாமல் அலைக்குள் நுழையும். முன்பெல்லாம் மணலில் காயப் போட்டார்கள். துறைமுகம் கட்டிய பிறகு எங்கள் பக்கத்து மணலைக் கடல் தின்றுவிட்டது. எங்களுக்கு வர வேண்டிய மணல் தெற்கேயே தங்கிவிட்டது. அதன்மேல் உட்கார்ந்து கனவான்கள் காற்று வாங்கிச் சுண்டல் தின்கிறார்கள். எங்களுக்கு மிஞ்சியது தெரு.

அந்தத் தெருவின் மேற்குப் பக்கம் முழுவதும் ஒரு கிடங்கின் உயரமான சுவர். கிழக்குப் பக்கம் வீடுகள். காலையில் வெயில் சுவரோரம் விழும். உச்சி சாய்ந்ததும் சுவரின் நிழல் அங்கே இறங்கும், வெயில் வீட்டு வாசல்களுக்கு வந்துவிடும். என் நைனாவும் மற்றவர்களும் கரைக்குத் திரும்புவதே முற்பகலில்தான். மரங்களைத் தூக்கிவந்து முதலில் சுவரோரம் போடுவார்கள். சூரியன் தெருவைத் தாண்டும்போது மரமும் தாண்டும். இதற்குத் தலைவர் கிடையாது, தீர்மானம் கிடையாது. ஒருநாளும் தகராறு வந்ததும் கிடையாது.

பெரியவர் இதைப் பார்த்தார். தெரு ஒழுங்கு சங்கம் பிறந்தது. அவரே தலைவர். தெருமுனையில் கயிற்றுக் கடை வைத்திருந்த பாய் பொருளாளர். காரியதரிசிக்குத் தமிழ் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். தலைவருக்கு வாயில் இங்கிலீஷ். தமிழ் எழுதினால் எழுத்துக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

"அந்த மீன்காரம்மா பொண்ணு எஸ்.எஸ்.எல்.சி. பாஸாமே?" என்று பாயிடம் கேட்டிருக்கிறார். ஏதோ எங்கள் வீட்டுப் பூனை பாட்டுப் பாடுகிறதாமே என்று கேட்பதுபோல. ஆமாம், பாஸ்தான். எங்கள் வம்சத்தில் தன் பெயரைத் தானே எழுதிய முதல் ஆள் நான். அந்தப் பரீட்சையை நான் இரண்டாவது தடவை எழுதவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் கேட்காமலேயே நினைப்பார்கள்.

முதல் கூட்டம் மாடி வீட்டு முன்கூடத்தில் நடந்தது. தலைவருக்கு நாற்காலி, பாய்க்கு முக்காலி, எனக்குத் தரை. தலைவர் தீர்மானம் சொன்னார்: மேற்குப் பக்கம் கட்டுமரம், வலை, கைவண்டி. கிழக்குப் பக்கம் கார், சைக்கிள், ரிக்ஷா. நடுவில் நடமாட்டம். சுண்ணாம்பில் கோடு போட்டு ஒவ்வொன்றும் அதனதன் கட்டத்துக்குள் நிற்க வேண்டும். கட்டத்துக்கு வெளியே கிடப்பதைக் கார்ப்பரேஷன் வண்டி அள்ளிக்கொண்டு போகும். அதற்கு ஆளைப் பிடித்து ஏற்பாடு செய்தாகிவிட்டது என்றார்.

"சார், மத்தியானத்துக்கு மேல சுவரோரம் வெயிலே விழாது" என்றேன்.

"காரியதரிசி எழுதணும். பேசறதுக்கு நான் இருக்கேன்."

பாய் தாடியைத் தடவிக்கொண்டே, "பாப்பா சொல்றதுலயும் நாயம் கீது சார்" என்றார்.

"பாய், வெயில் நம்ம அஜெண்டாவிலேயே இல்லை" என்று கூட்டத்தை முடித்துவிட்டார் தலைவர்.

மறுநாள் அவரே டேப்பும் கையுமாகக் கரைக்குப் போய், கட்டியிருந்த கட்டுமரம் ஒன்றின் அகலத்தை அளந்து வந்து, சுவரோரம் அதே அகலத்துக்குக் கட்டம் போட வைத்தார். கடலிலிருந்து வந்த நைனா மரத்தைப் பிரித்து அடுக்கிப் பார்த்தார். பாதி மரம் கோட்டுக்கு வெளியே கிடந்தது.

"இன்னா சாரு, கட்டின மரத்துக்குக் கோடு போட்டுகீறீங்க. பிரிச்சாத்தான காயும்?"

"பிரிக்காம காய வை" என்றார் தலைவர்.

தெருவே சிரித்தது. சிரிப்புக்குப் பயந்து தலைவர் கட்டத்தைச் சுவர் நெடுகிலும் நீட்டினார். ஆனால் கிழக்குப் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் மரத்துக்குக் கிடைத்தது உச்சிக்கு முன்னால் கொஞ்ச நேர வெயில். அப்புறம் நிழல். தலைவர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மரம் கோட்டைத் தாண்டினாலும் கார்ப்பரேஷன் என்று கூவுவார். அரைகுறையாய்க் காய்ந்த மரத்தைக் கட்டிக்கொண்டு நைனா போனார். அது நாளுக்கு நாள் தண்ணீருக்குள் அமுங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் வலையில் நல்ல மீன்பாடு விழுந்தும், ஏற்றினால் முழுகிவிடும் என்று பாதியைக் கடலிலேயே கொட்டிவிட்டு வந்தார்.

"இன்னாமே, மரம் கல்லு மாறி கனக்குது. நாளைக்கு இத்த எடுத்துகினு போனா நான் திரும்பி வரமாட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார். சத்தமே போடாமல் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் அவர் கடலுக்குப் போகவில்லை. அம்மாவின் மீன் கூடை கவிழ்ந்து கிடந்தது. மற்ற மரக்காரர்களும் ஒவ்வொருவராகக் கரையில் உட்கார ஆரம்பித்தார்கள்.

குழாயடியில் பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்? "உன் பொண்ணு எழுதின சட்டமாமே? இஸ்கூலுக்கு அனுப்ச்சியே, நல்லா காய வெச்சுட்டா உன் மரத்த" என்றாள் ஒருத்தி.

"எம்பொண்ணு எழுதுனா. உம்பொண்ணுக்கு அத்த படிக்கவாச்சும் வருமா? குடத்த எட்றீ" என்றாள் அம்மா.

அன்று மத்தியானம் நான் மாடி வீட்டுக்குப் போனேன். வாசலில் கண்ட காட்சியை என்னவென்று சொல்ல? உச்சி சாய்ந்த வெயில் முழுவதும் காரின்மேல். பெயிண்ட் அங்கங்கே அப்பளமாகக் கொப்பளித்திருந்தது. தலைவர் வேலைக்காரியை விட்டுச் சாக்குகளை நனைத்துக் காருக்குப் போர்த்திக்கொண்டிருந்தார். எதிரே சுவர் நிழலில் எங்கள் மரங்கள் ஈரத்தோடு கிடந்தன. காய வேண்டியது நனைந்து கிடந்தது. நனையக் கூடாதது ஈரச் சாக்கு கட்டி நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு.

"சார், மத்தியானத்துக்கு மேல காரை அந்தப் பக்கம் நிழல்ல விடுங்க. மரம் இந்தப் பக்கம் வரட்டும். ரெண்டு பேருக்கும் நல்லது."

"கட்டைக்காகக் கார் நகரணுமா?"

"உங்க காருக்காகவும்தான் சார்."

"இன்னைக்குக் கார் நகர்ந்தா நாளைக்கு நாற்காலி நகரும். தீர்மானம் தீர்மானந்தான்" என்று சொல்லி, கார்ச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கப் போய்விட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தூங்குவது தெருவுக்கே தெரியும். குறட்டை தெருவின் கோடிவரை கேட்கும்; அதற்கு எந்தக் கோடும் கிடையாது.

நான் திரும்பி வந்து நைனாவிடம் சொன்னேன். "அவரே காரை நகர்த்தினாதான் நைனா தலைகுனிவு. நீங்க தூக்கி வெச்சா அது பல்லக்கு."

நைனா என்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் சும்மாடாகப் போட்டுக்கொண்டார்.

எங்கள் ஆட்கள் நனைந்த மரத்தைத் தோளில் வைத்து அலையிலிருந்து மேடேறுகிறவர்கள். அந்தக் காருக்கு எத்தனை பேர் வேண்டும்? இந்தப் பக்கம் சிலர், அந்தப் பக்கம் சிலர் குனிந்தார்கள். மரம் இழுக்கும்போது போடும் அதே ஏலேலோதான்; மாடிக்குக் கேட்காமல் வாய்க்குள்ளேயே போட்டார்கள். கார் தரையை விட்டுக் கிளம்பியது.

"இன்னா மாமு, நண்டு மாறி லேசா கீது!" என்றான் ஒருவன்.

"இத்தயா அந்தாளு டிராபிக்குன்னு சொல்லிகினு இருந்தாரு?" என்றான் இன்னொருவன்.

அம்மா முன்னால் ஓடினாள். "பாத்து தூக்குங்கடா, புள்ளத்தாச்சிய தூக்கற மாறி. கண்ணாடி ஒடஞ்சா அதுக்கும் ஒரு சங்கம் வெப்பாரு!"

தெருவைக் கடந்து, சுவர் நிழலில், மரங்களை ஒதுக்கிய கட்டத்துக்கு நடுவே, ஒரு சக்கரம்கூடக் கோட்டை மிதிக்காமல் காரை வைத்தார்கள். பாய் தன் கடையிலிருந்து ஓடிவந்து, கோணல் இல்லாமல் நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, சரி என்றார். பிறகு மரங்கள் வெயிலுக்கு வந்தன. மாடி வீட்டு வாசல் முழுக்கப் பரப்பினார்கள்.

தலைவர் விழித்து மாடியிலிருந்து எட்டிப் பார்த்தபோது அவர் கார் நின்ற இடத்தில் கட்டுமரம் கிடந்தது. "திருடன்! திருடன்!" என்று பனியனோடு இறங்கி ஓடிவந்தார். சாவி இடுப்பிலேயே இருந்தது. எதிர்ப்பக்கம் கார் சாதுவாக நின்றது. கிட்டே போனார். மூடியின்மேல் கையை வைத்தார். கை சுடவில்லை. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

"இன்னா சாரு, ஜில்லுனு கீதா?" என்றாள் அம்மா.

"யார் உத்தரவுல இதை நகர்த்தினீங்க?"

"நகர்த்தல சார், தூக்கினோம்" என்றார் நைனா, மிகுந்த மரியாதையோடு.

பாய் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். நடந்ததைச் சொல்லிக் கார்ப்பரேஷனைக் கூப்பிட்டால், தூங்கும்போது காரைத் தூக்கிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் தெரிந்துவிடும். அதைவிடத் தாமே தூக்கச் சொன்னதாக இருப்பது மேல் என்று தலைவர் கண்டுபிடித்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்: "தலைவரின் யோசனைப்படி, உச்சிக்கு மேல் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று மாறிக்கொள்ளும். காருக்கு முதலிடம்..."

நான் பேனாவை மூடினேன்.

"எழுது."

"எழுதறதுக்கு முன்னாடி பேசணும் சார்."

"காரியதரிசி..."

"அப்படீன்னா நீங்களே எழுதிக்குங்க."

தலைவர் பாயைப் பார்த்தார். பாய்க்குக் கடைக் கணக்கே விரலில்தான். தலைவர் தம் கையெழுத்தை நினைத்துக்கொண்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. "சரி, பேசு" என்றார்.

நான் தரையிலிருந்து எழுந்து நின்று பேசினேன். கரைக்கு வந்த மரம் காயாமல் எந்தக் காரும் எங்கேயும் நிற்காது. உச்சி சாய்ந்ததும் முதலில் கார் வழிவிடும், பிறகு மரம் வரும். கார்ப்பரேஷன் வண்டி என்ற பேச்சை இந்தத் தெருவில் இனி யாரும் எடுக்கக் கூடாது. பாய் உடனே கையைத் தூக்கினார். ஒருவருக்கு எதிராக இருவர். தலைவர் கூரையைப் பார்த்தார்; அங்கே உதவி ஒன்றும் இல்லை. 'தலைவரின் யோசனைப்படி' என்ற வார்த்தைகளை மட்டும் தீர்மானத்தின் தலைப்பில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். எங்களுக்கு வெயில் வேண்டும். புகழில் மரம் காயாது.

மறுநாள் உச்சியில் தலைவரே காரை ஓட்டி எதிர்ப்பக்கம் விட்டார். பத்தடி தூரத்துக்கு ஹாரன் அடித்துக்கொண்டே போனார். மரங்கள் வெயிலில் நாள் முழுவதும் கிடந்தன. அடுத்த நாளும் கிடந்தன. மூன்றாம் நாள் மத்தியானம் நைனா ஒரு மரத்தைத் தனி ஆளாகப் புரட்டிப் பார்த்து, "காத்தால போலாம்" என்றார். பிறகு தெருவைக் கடந்து வந்து, சுவர் நிழலில், காரின் சக்கரத்தில் தலையைச் சாய்த்துப் படுத்துத் தூங்கிப்போனார்.

மாடியிலிருந்து தலைவர் குரல் கொடுத்தார். "காரியதரிசி! இதென்ன? காரோரம் ஆள் படுக்கலாமா?"

"தீர்மானத்துல காரும் மரமும்தான் சார் இருக்கு. மனுஷன் எங்க நிக்கணும், எங்க படுக்கணும்னு ஒண்ணும் இல்லை. வேணும்னா கூட்டம் கூட்டுங்க, பேசலாம்" என்றேன்.

அவர் கூட்டவில்லை. நைனா சாயங்காலம்வரை தூங்கினார்.