வயிற்றுக்குள் ஒரு மருந்துப் பெட்டி

என் வீட்டுக்காரருக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. ஒரு நாள் பாறையில் துளை போடும் மெஷினோடு சரிந்து விழுந்தார். முதுகில் இரண்டு ஆபரேஷன் ஆனது. எலும்பு சேர்ந்துவிட்டது, வலி மட்டும் போகவில்லை. ஒன்பது வருடம் இருந்தது அந்த வலி. கட்டிலின் ஓரத்தில் நான் உட்கார்ந்தாலே, அந்தச் சின்ன அசைவுக்கே பல்லைக் கடிப்பார். அதனால் சோற்றுத் தட்டைக் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு எட்டப் போய் நின்றுகொள்வேன். அப்படியே பழகிப்போனது.

பிறகு திருச்சியில் ஒரு டாக்டர் அந்த மருந்துப் பெட்டியை வைத்தார். உள்ளங்கையில் அடங்கும் வட்டமான பெட்டி. இடப்பக்கம் வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிட்டார்கள். அதிலிருந்து நூல் போல ஒரு குழாய், தோலுக்குள்ளேயே இடுப்பைச் சுற்றிப் போய்த் தண்டுவடத்தில் நுழையும். மருந்து கொஞ்சம் கொஞ்சமாக நேரே வலிக்கிற இடத்துக்குப் போகும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்றில் ஊசி குத்தி அதை நிரப்ப வேண்டும்.

விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூருக்கு பஸ், அங்கிருந்து திருச்சிக்கு ரயில். ஜன்னலோரம் அவர், எதிர் சீட்டில் நான். வலியில் வாயே திறக்காமல் கிடந்த மனுஷன் திருச்சி வரைக்கும் வாய் மூட மாட்டார்.

"ஏ புள்ள, அந்தச் சோளக்காட்டப் பாரு. இவ்ளோ நெருக்கி எவனாச்சும் வெதப்பானா?"

"எறங்கிப் போயி சொல்லிட்டு வாங்க. வண்டி நிக்கும்."

"நிக்கச் சொல்லு, போறேன்."

சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. அப்புறம் ஒரு நாள் பெட்டிக்கு மேலே தோல் உப்பிக்கொண்டு வந்தது. உள்ளே நீர் கோத்திருந்தது. வீங்கினால் கை வைக்காதீர்கள், உடனே போன் போட்டுவிட்டுக் கிளம்பி வாருங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லித்தான் இருந்தார். ஆனால் வீக்கத்துக்கு டாக்டரிடம் போக எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தெருவில் சுளுக்கோ வீக்கமோ, பிள்ளை பெற்றவளின் இடுப்பு வலியோ, எதுவானாலும் என் உப்பு ஒத்தடம்தான். கல்லுப்பைப் பொரியப் பொரிய வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, என் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் மேல் வைப்பேன். ஊருக்கெல்லாம் செய்பவள், சொந்தப் புருஷனுக்குச் செய்யாமல் இருப்பேனா?

மத்தியானம் மத்தியானமாக மூன்று நாள் வைத்தேன். ஆபரேஷன் செய்த அந்த இடத்தில் தோல் மரத்துப் போயிருந்தது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் கொப்புளம் கிளம்பியது. அது உடைந்து, சீழ் வைத்து, காய்ச்சலும் வந்த பிறகுதான் திருச்சிக்கு ஓடினோம்.

வயிற்றைத் திறந்து பெட்டியை எடுத்துவிட்டார்கள். குழாயையும் உருவிவிட்டார்கள்.

"கொழா வழியா கிருமி தண்டுவடத்துக்குள்ள போச்சுன்னா மூளைக்காய்ச்சல் வந்துரும்மா. ஒண்ணையும் உள்ள விட்டு வைக்க முடியாது" என்றார் டாக்டர். என் மகன் வயதுதான் அவருக்கு.

மருந்து நின்றதும் வீட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது, நடுங்கினார், கண்ணிலும் மூக்கிலும் நீராக வழிந்தது. மாத்திரை கொடுத்து அதை ஒருவழியாக அடக்கினார்கள். ஆனால் பழைய வலி வந்து படுத்துக்கொண்டது. பேச்சும் நின்றுபோனது. புண் ஆறி, ரத்தத்தில் கிருமி இல்லை என்று தெரிய ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஆறு வாரமும் அவர் எதையாவது சொல்லி என்னைத் திட்ட மாட்டாரா என்று ஏங்கினேன்.

ஆறாவது வாரம் டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்.

"புண்ணு நல்லா ஆறியிருக்கு. ஆனா எதனால சீழ் புடிச்சதுன்னு எனக்குப் புரியல. ஒடம்பே பெட்டிய ஏத்துக்கலன்னா வலப்பக்கம் வச்சாலும் இதேதான் ஆகும். அப்படின்னா நான் திரும்ப வைக்க மாட்டேன். அதான் கேக்குறேன். மேல எண்ணெய், பச்சிலை, சூடு, ஏதாச்சும் வச்சீங்களா?"

நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்காரர்தான் படுத்தபடியே சொன்னார்.

"ஒண்ணும் வைக்கலீங்க."

சொன்னதெல்லாம் உண்மை என்று ஒரு தாளில் எழுதி நர்ஸம்மா கொண்டுவந்தார். கூடவே மை டப்பாவும் இருந்தது.

"கைநாட்டு வைங்க பாட்டி."

"நான் கையெழுத்துப் போடுவேன்."

"சரி, போடுங்க."

"படிச்சுட்டுத்தான் போடுவேன்."

மகளிர் குழுவில் சேர்ந்தபோது கற்றுக்கொண்ட எழுத்து. என்னவென்று தெரியாத எதற்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். 'எதையும் மறைக்கவில்லை' என்ற இடத்தில் விரல் நின்றது.

"என்ன பாட்டி, பரிச்சை எழுதுறீங்களா?" என்றார் நர்ஸம்மா.

பேனாவைக் கீழே வைத்தேன்.

"நான்தான் ஒத்தடம் வச்சேன் டாக்டரு. வறுத்த உப்பு. மூணு நாளு. கொப்புளம் போட்டுச்சு."

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நானும் இவ்ளோ நாளு மண்டைய ஒடச்சிக்க வேணாமேம்மா! அப்ப ஒடம்பு மேல குத்தமில்ல. வச்சிரலாம். இனிமே அடுப்ப மட்டும் பாத்துக்குங்க, அவரு வயித்த நான் பாத்துக்குறேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலையாட்டினேன். அந்தத் தாளைத் திருத்தி எழுதச் சொல்லி, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் போனதும் அவரிடம் கேட்டேன்.

"ஏங்க, நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமில்ல? பெட்டி வைக்கலன்னா உங்களுக்குத்தானே வலி?"



"உன் ஒத்தடத்துக்கு ஊர்ல ஒரு பேரு இருக்கு. அத நானா கெடுக்கறது?"

"மொத நாளே வேணாம்னு சொல்லியிருக்கலாமே?"

"அத்தன வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான் நீ கிட்ட வந்து ஒக்காந்த. எந்திரிச்சுப் போன்னு எப்படிச் சொல்றது?"



வலப்பக்கம் புதுப் பெட்டி வைத்தார்கள். மருந்து ஏற ஏற அவர் முகம் இளகியது. நாலாம் நாள் கட்டிலில் மெல்ல நகர்ந்து இடம் விட்டார். போய் உட்கார்ந்தேன். பேஷண்ட் கட்டிலில் உட்காரக் கூடாது என்று நர்ஸம்மா சத்தம் போட்டார். நான் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தார். மாரடைப்பில்தான் போனார். இந்த மாசியோடு இரண்டு வருடம் ஆகிறது. பெட்டி வைத்த பிறகும் எதிர் சீட்டிலேயே உட்கார்ந்து போனேனே, அந்த இரண்டு வருடம்தான் மனதைப் போட்டு அறுக்கிறது. அப்போது அவருக்கு வலி இல்லை. பக்கத்தில் இடமும் இருந்தது.