அலமாரிக் கதவில் பச்சை பெயிண்ட்

என் தங்கை வீட்டுக்காரரின் அம்மாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். அதில் கடைக்குட்டியான சித்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தே வயதானவர். எதிரே யார் வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், காலரைத்தான் பார்ப்பார். கோணலாக இருந்தால் இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் "நல்லா இருக்கியா?" என்பார். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. வாய்த்துடுக்கு ஜாஸ்தி.

தங்கை வீட்டுக்காரர் மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போடுகிறவர். பழைய மெஷின் படுத்துவிட்டது. புதிது வாங்கக் கடன் கேட்டதற்கு வங்கியும் கைவிரித்துவிட்டது. அப்போது கம்ப்யூட்டர் படித்த அவருடைய மூத்த மகள் ஒரு வழி சொன்னாள். மெஷினை ஆயிரம் பங்காகப் பிரித்து, பங்குக்கு ஒரு டோக்கன் என்று பிளாக்செயினில் விற்பது.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அந்தக் கணக்கு எந்த ஒரு ஆளின் கையிலும் இல்லை. எங்கெங்கோ இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதே கணக்கை எழுதி வைத்திருக்கின்றன. ஐஸ் விற்ற லாபம் டோக்கன்காரர்களுக்குத் தானாகப் பிரிந்து போகும். டோக்கனை யாரும் யாருக்கும் விற்கலாம். பாதிக்கு மேல் டோக்கன் ஒருவன் கைக்குப் போனால், அவன் மெஷினையே விற்றுவிடலாம்.

சித்தி வேலையை விட்டபோது வந்த பணத்தில் நூறு டோக்கன் வாங்கினார். அவர் கணக்குக்குச் சாவி பன்னிரண்டு வார்த்தைகள். "தொலைஞ்சா போச்சு, சின்னப் பாட்டி, பத்திரமா எழுதி வைங்க" என்றாள் மகள். துணியில் குறி போடும் பென்சிலால் இரும்பு அலமாரிக் கதவின் உட்பக்கம் எழுதி வைத்தார்.

ஒருநாள் அவருடைய போன் வாளித் தண்ணீரில் விழுந்தது. புதுப் போனில் கணக்கைத் திறக்க வார்த்தைகள் வேண்டும். எல்லோரும் போய் அலமாரியைத் திறந்தோம்.

"என்ன சித்தி, உள்ள பச்சையா இருக்கு?" என்றார் தங்கை வீட்டுக்காரர்.

"அடுப்படிக்கு அடிச்சது மிச்சம் இருந்துச்சுடா. வீணாக்குவாங்களா? ரெண்டு கோட்டிங் அடிக்கச் சொன்னேன்."

"உள்பக்கமுமா?"

"ஏன், உள்பக்கம் துருப்பிடிக்காதா?" என்றவர், அப்புறம்தான் வாயைப் பொத்திக்கொண்டார்.

கொஞ்சம் தெளிந்ததும் சித்தி கேட்டார்: "இதுக்கு மேலதிகாரி யாரு? நான் பேசுறேன்."

"மேலதிகாரியே கிடையாது, சின்னப் பாட்டி."

"அப்போ நான் யாரைத்தான் திட்டுறது?"

அன்றிலிருந்து சொந்தத்தில் அவர் பெயர் பெயிண்ட் சித்தி. சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போய்விடும் என்று கதவில் யாரும் கை வைக்கவில்லை. அவர் பங்கு லாபம் சேர்ந்துகொண்டே இருப்பது போனில் தெரியும், தொடத்தான் முடியாது.

பிறகு என் தங்கைக்கு ஆபரேஷன் என்று வந்தது. வீட்டுக்காரர் தம் டோக்கனில் பாதியை விற்றார். யாரோ ஒருவன் வாங்கினான். அவனுக்குப் பெயர் இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்து வால் மாதிரி நீளும் ஒரு கணக்கு முகவரிதான். கேட்ட இடத்தில் எல்லாம் மூன்று மடங்கு விலை கொடுத்தான். சொந்தக்காரர்கள் பலரும் விற்றுவிட்டார்கள். அவரவர் பாடு அவரவருக்கு, யாரைக் குறை சொல்வது? பாதியைத் தாண்ட அவனுக்கு இன்னும் கொஞ்சம்தான் குறைந்தது; விற்காமல் மிச்சம் இருந்தது தங்கை வீட்டுக்காரரிடமும் சித்தியிடமும் மட்டும்தான். மெஷினை விற்கப்போவதாக எல்லோருக்கும் எழுதியும்விட்டான்.

தங்கை வீட்டுக்காரர் என்னையும் கூட்டிக்கொண்டு சித்தியிடம் போனார்.

"சித்தி, உங்க டோக்கனுக்கும் மூணு மடங்கு கிடைக்கும். பெயிண்ட்டைச் சுரண்டினா எழுத்து தெரிஞ்சாலும் தெரியும். உங்க பணம், சொல்லாம இருக்க மனசு வரல."

"நான் வித்தா உன் மெஷின்?"

"போயிடும்."

"நீ?"

"எவன்கிட்டயாவது ஐஸ் சுமக்க வேண்டியதுதான்."

சித்தி எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். கதவு மூலையைக் கட்டைவிரல் நகத்தால் கீறினார். பச்சை ஒரு செதிலாக உதிர்ந்தது. அடியில் பென்சில் எழுத்து ஒன்றின் வால் தெரிந்தது.

"எழுத்து இருக்கு சித்தி!" என்றார் தங்கை வீட்டுக்காரர்.

"இருக்குல்ல, அதான் பயமா இருக்கு. முழுசா சுரண்டினா வித்துடுவேன்டா. மூணு மடங்குன்னா என் கை சும்மா இருக்காது." அந்த வாலைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார். "பரண்ல மிச்ச டப்பா இருக்கு. இறக்கு."

அவர் டப்பாவைப் பிடித்துக்கொள்ள, சித்தி அந்த இடத்தில் திட்டுத்திட்டாகப் பூசினார். பூசிய கையோடு அவருடைய காலரையும் இழுத்துச் சரிசெய்தார். சட்டை பாழ்.

"இனிமே எவனாவது பெயிண்ட் சித்தின்னு கூப்பிட்டான்னு வை, அன்னைக்கே சுரண்டிடுவேன்."

அந்த வால்காரனால் பாதியைத் தாண்ட முடியவில்லை. மெஷின் ஓடுகிறது. சித்தியின் பங்கை மாதாமாதம் தங்கை வீட்டுக்காரர் தம் பங்கிலிருந்து எடுத்துக் கையில் கொடுக்கிறார். எங்கள் சொந்தத்தில் இப்போது வீட்டுச் சுவருக்கு அடிப்பதைக்கூட யாரும் பெயிண்ட் என்று சொல்வதில்லை. "கலர் அடிச்சோம்" என்கிறோம்.