பார்க்காமல் போட்ட கையெழுத்து

கர்த்தர் எனக்குச் செய்ததை உங்கள் நடுவில் சொல்ல இவ்வளவு நாளும் தைரியம் வரவில்லை. அதைச் சொன்னால் என் தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆர்க்கிடெக்ட். நாகர்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறைதான் அலுவலகம். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. இங்கே நானும் மகளும் மட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆரல்வாய்மொழியில் ஒரு வீட்டு வேலையைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். கணவாய்க் காற்று வண்டியைச் சாய்த்துத் தள்ளியது. தோவாளை வந்ததும் ஒரு மாடிக் கட்டடம் கண்ணில் பட்டது. பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டேன்.

அது நான் வரைந்து கொடுத்த கட்டடம். ஆறுமுகம் அண்ணாச்சி என்ற பூ வியாபாரியுடையது. என் வரைபடத்தில் கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், அவ்வளவுதான். இப்போது மொட்டை மாடியில் இரும்புக் கம்பி நட்டுத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். அதற்குள் இரண்டு பெரிய தண்ணீர்த் தொட்டிகள். ஒவ்வொரு காற்றுக்கும் தகரம் எழும்பி எழும்பி அடித்தது.

உள்ளே போனேன். இருபது பெண்கள் தரையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். முன்பக்க பீமில் விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதிலிருந்து சிமெண்டுத் தூள் உதிர்ந்து பிச்சிப்பூக் குவியலின் மேல் விழுந்தது. புஷ்பம் என்ற அக்கா அதை ஊதித் தள்ளிவிட்டு, "என்ன மக்கா, பூ வேணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்க்கா" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டேன். ஆம், ஓடித்தான் வந்தேன்.

ஏனென்றால், இந்தக் கட்டடம் வரைபடத்தின்படி கட்டி முடிந்தது, நேரில் பார்த்துச் சரி என்று கண்டேன் என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருந்தவள் நான். கீழே என் பெயர், முத்திரை, பதிவு எண். ஆனால் நேரில் பார்க்கவில்லை. அந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். கட்டடத்தைக் கட்டியவர் என் மாமா மகன் தாஸ் அத்தான். போனில் நாலு படம் அனுப்பி, "எல்லாம் நீ வரைஞ்சபடிதான் மக்கா, ஒப்பு போட்டுத் தா" என்றார். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் படங்களில் மொட்டை மாடி இல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்து அத்தானைக் கூப்பிட்டேன். "ஒண்ணும் ஆவாதுட்டி. நீ வாயத் தொறந்தா உனக்க லைசென்ஸ்தான் போவும், கேட்டியா?" என்றார். கணவரும் போனில், "கொஞ்சம் பொறு, அவசரப்படாத" என்றார்.

இரண்டு நாள் பொறுத்தேன். எனக்குள் நடந்ததை எப்படிச் சொல்ல? எங்கள் வீட்டு ஜன்னல் அடித்தால்கூட அங்கே கட்டடம் விழுந்துவிட்டது என்று பதறினேன். முதலில் நான் செய்த ஜெபம் என்ன தெரியுமா? "ஆண்டவரே, என் பதிவைக் காப்பாற்றும்." அந்தப் பெண்களுக்காக ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. புதன்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில் உங்களில் சிலர் என் பக்கத்தில்தான் இருந்தீர்கள். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டீர்கள். தலைவலி என்று பொய் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை மகளைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிட்டேன். கையசைத்துப் போனாள். புஷ்பம் அக்காவும் இப்படித்தானே பிள்ளைகளை அனுப்பிவிட்டு அந்த பீமுக்குக் கீழே போய் உட்காருவார் என்று ஒரு நினைப்பு வந்தது. வாசலிலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, நான் போய்ச் சேருகிற வரைக்கும் அதைப் பிடித்துக்கொள்ளும். என்னை என்ன செய்தாலும் சரி." எழுந்து ஸ்கூட்டரை எடுத்துத் தோவாளைக்குப் போனேன்.

மறுநாள் ஆடி வெள்ளி என்பதால் கடையில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஆறுமுகம் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"சரின்னு ஒப்பு போட்டது நீதான?"

"ஆமா அண்ணாச்சி. பாக்காமப் போட்டேன். தப்பு எனக்கது. இப்ப எல்லாரையும் வெளிய கூட்டுங்க."

"நாளைக்குக் கோயிலுக்கெல்லாம் பூ போவணும். இன்னைக்கு வந்து வேலைய நிறுத்தச் சொல்லுகியா? போம்மா!"

நேரே உள்ளே போய் புஷ்பம் அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "இது விழும்க்கா. இத வரஞ்சவ நான்தான், சரியா இருக்குன்னு பொய் எழுதிக் குடுத்துட்டேன். நீங்க எழும்பாம நானும் எழும்ப மாட்டேன்" என்று அழுதேன். அந்த அக்கா என் முகத்தைப் பார்த்தார், மேலே பீமைப் பார்த்தார். "ஏட்டி, வரஞ்சவளே பயந்து நடுங்குகா. எழும்புங்க எல்லாரும்" என்றார். இருபது பேரும் கூடைகளைத் தூக்கிக்கொண்டு எதிரே புளியமரத்தடிக்குப் போனார்கள்.

அண்ணாச்சி கத்திக்கொண்டேதான் இருந்தார். ஆனாலும் ஏணி வைத்து ஏறி வெடிப்பில் கையை வைத்துப் பார்த்தார். இறங்கியவர் போனை எடுத்தார். உடனே ஒரு பொறியாளரை வரவழைத்தோம். வந்தவர் யாரையும் உள்ளே விடவில்லை. முட்டுக் கொடுக்க இரும்புக் கால்கள் கொண்டு வர ஆள் அனுப்பினார்.

அவை வருவதற்குள், மதியம் மூன்று மணி இருக்கும், ஒரு பெருங்காற்று. தகரக் கூரை கம்பியோடு பெயர்ந்தது. ஒரு தொட்டி சரிந்தது. முன்பக்க பீம் நடுவில் முறிந்து, மேல்தளத்தின் ஒரு பகுதி அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் அப்படியே விழுந்தது. தூசி அடங்கியது. புஷ்பம் அக்கா ஒவ்வொருத்தியாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். இருபது பேரும் இருந்தார்கள். அண்ணாச்சி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நடந்ததையும் மறைக்க மாட்டேன். எனக்குப் பதிவு கொடுத்த கவுன்சிலிலிருந்து நோட்டீஸ் வந்தது. விசாரணைக்குப் போன அன்று, வக்கீல் எழுதித் தந்த பதிலைப் பையிலேயே வைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். பதிவை ஒரு வருஷம் நிறுத்திவைத்தார்கள். அடியோடு நீக்கியிருக்கலாம், நீக்கவில்லை. அந்த ஒரு வருஷமும் வேறொருவர் அலுவலகத்தில் படம் வரைந்து கொடுத்தேன். தாஸ் அத்தான் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பதிவு திரும்பக் கிடைத்தது. இப்போது எந்தக் கட்டடமானாலும் மொட்டை மாடிவரை ஏறிப் பார்க்காமல் பேனாவைத் திறப்பதில்லை. சிலர் வேறு ஆளிடம் போய்விடுகிறார்கள். போகட்டும்.

உங்களில் யாராவது எதையாவது மறைத்துவைத்துக்கொண்டு பயத்தில் இருக்கலாம். பயம் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அது போகவே இல்லை. நடுங்கிக்கொண்டேதான் போனேன். பாதி நம்பிக்கையும் முழுப் பயமுமாக வாசலில் நான் கேட்ட அந்த ஒரே ஒரு ஜெபத்தை அவர் தள்ளவில்லை. காலையிலிருந்து மூன்று மணிவரை அந்த பீமைப் பிடித்திருந்த கை எது என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.