ருவெல் அபேயாஸ் வேலைக்கு வரவில்லை

சம்பளக் கணக்கு மென்பொருள் செய்யும் பிலிப்பைன்ஸின் சிபு நகரக் கம்பெனி ஒன்றில் லியோனிசா அபேயாஸுக்குக் குறிப்பு எழுதும் வேலை. ஆளைச் சேர்க்க, விடுப்புப் பதிய, சம்பளம் போட என்று அந்த மென்பொருளுக்கு வெளியிலிருந்து கொடுக்கக்கூடிய கட்டளைகள் ஏராளம். ஒவ்வொன்றும் என்ன செய்யும், அதற்கு எதையெல்லாம் கொடுக்க வேண்டும் என்று எழுதி, கீழே ஒரு மாதிரியும் போட வேண்டும். முன்பெல்லாம் அதைப் படித்தவர்கள் புரோகிராமர்கள். பாதி படிப்பார்கள், மீதியைப் போன் போட்டுக் கேட்பார்கள். இப்போது படிப்பவை ஏஐ ஏஜென்ட்டுகள். அவை ஓர் எழுத்து விடாமல் படிக்கும், எதையும் கேட்காது.

‘பணியாளரைச் சேர்’ என்ற கட்டளைக்கு மாதிரி எழுதிய அன்று, பெயர் வர வேண்டிய இடத்தில் அவள் தன் தம்பியின் பெயரைப் போட்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வேலை தேடித்தான் ருவெல் கமோட்டெஸ் தீவிலிருந்து படகேறினான். படகு கரைக்கு வந்தது, அவன் வரவில்லை. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவனுக்காகச் சர்ச்சில் இறந்தோர் பூசை வைக்க அம்மா இன்றுவரை விட்டதில்லை. எங்காவது ஓரிடத்தில் அவன் வேலையில் இருக்கட்டுமே என்று லியோனிசாவுக்குத் தோன்றியிருக்கலாம். முகவரிக்கு அவர்கள் முன்பு இருந்த தீவு வீட்டைக் கொடுத்தாள். அவசரத்துக்கு அழைக்கும் எண்ணாகத் தன் எண்ணையே தட்டிவிட்டாள்.

மழை தொடங்கிய பிறகு முதல் போன் வந்தது.

“ருவெல் அபேயாஸோட அக்காங்களா? தானாவ் ஊர்ல இருக்கற நூடுல்ஸ் ஃபேக்டரிலருந்து பேசறேன். தம்பி இந்த வாரம் பூரா வேலைக்கு வரல. உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“எந்த ருவெல்?”

“அதான் மேடம், கமோட்டெஸ் தீவுக்காரர்.”

லியோனிசா போனை வைத்துவிட்டாள். பிறகு ஒரு சலவைக் கம்பெனி அழைத்தது. அடுத்து ஒரு மருத்துவமனைச் சமையற்கூடம். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லோருக்கும் அவன் எங்கே என்று தெரிய வேண்டியிருந்தது.

மேலாளர் ஹெர்மினியோ பதிவுகளைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஆள் சேர்க்கச் சொல்லி வர்ற தகவல்ல ஏதாவது விட்டுப்போச்சுன்னா, ஏஜென்ட் உன் மாதிரியைப் பாத்து ரொப்பிடுது. உன் ருவெல் ஊர் பூரா வேலை பாக்கறான்மா. நம்ம ஆபீஸ்லயே இப்படி ஒரு உழைப்பாளி கிடையாது. யாரு இவன்?”

“என் தம்பி சார். கடல்ல போயிட்டான்.”

அவர் சிரிப்பு நின்றது. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவள் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். வருகைப் பதிவை வேறு ஏஜென்ட்டுகள் பார்த்துக்கொண்டிருந்தன. போன புயல் அன்று, அவன் பெயர் இருந்த எல்லாக் கம்பெனிகளிலும் ஒரே வரி: ‘கடல் கொந்தளிப்பு. கரை சேர முடியவில்லை.’

“முகவரி தீவுல இருக்கு, அன்னிக்குப் படகு ஓடல. அதுவா யூகிச்சு எழுதிருக்கு, வேற ஒண்ணுமில்ல,” என்றார் ஹெர்மினியோ. அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அவர் குரல் இறங்கியிருந்தது. லியோனிசா லேப்டாப்பை மூடினாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது வந்த போனை அம்மா எடுத்துவிட்டாள். லியோனிசா வெளியே வந்து பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை. “மகனைப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டாங்க. தானாவுக்காம்,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஃபேக்டரி வாசலில் ஒரு பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் தென்னையோலைக் கூட்டில் வெந்த சோறும் சுட்ட மீனும் இருந்தன.

“பேரு இருக்கு, ஆளுதான் இன்னும் வரல,” என்றான் காவலாளி.

“கேட்டியா? பேரு இருக்காம். செத்தவனுக்கு எவன்டி வேலை குடுப்பான்?”

“அம்மா, அது நான் எழுதினதும்மா.”

“நீ எழுதினா அவன் வந்துருவானா? பேசாம இப்படி உக்காரு.”

லியோனிசா உட்கார்ந்தாள். சைரன் ஊதி எல்லோரும் வெளியே போனபின்தான் அம்மாவை எழுப்ப முடிந்தது. திரும்பும் பஸ்ஸில் நடந்ததையெல்லாம் சொன்னாள். அம்மா ஜன்னலுக்கு வெளியே கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு நெருங்கும்போது, “அப்ப எழுதினவளே அழிச்சிடு,” என்றாள்.

ஆளை நீக்கும் கட்டளைக்கும் குறிப்பு எழுதியவள் லியோனிசாதான். காரணம் கொடுக்காமல் அது நீக்காது. ராஜினாமா, பணிநீக்கம், ஓய்வு, இறப்பு. அவள் இறப்பு என்று கொடுத்தாள்.

கம்பெனி கம்பெனியாகப் பெயர் மறைந்தது. கூடவே இரங்கல் கடிதங்கள் வரத் தொடங்கின. அவற்றை எழுதியவையும் ஏஜென்ட்டுகள்தான். நேரம் தவறாதவர், அமைதியானவர், அவருடைய இடத்தை நிரப்புவது கடினம். அம்மா ஒவ்வொன்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கடைசியில், “பாதிரியார்கிட்ட சொல்லு, ஞாயித்துக்கிழமை பூசை வெச்சுடலாம்,” என்றாள்.

லிலோவானில் இருந்த ஒரு கப்பல் பட்டறை மட்டும் மறுத்தது. ‘நீக்க இயலாது. இவர் இன்று காலை வேலைக்கு வந்திருக்கிறார்.’

“வருகை பதியற ஏஜென்ட்டும் அதே மாதிரியைப் பாத்துத்தான் எழுதிருக்கும். நாளைக்கு நானே கையால எடுத்துடறேன்,” என்றார் ஹெர்மினியோ. லியோனிசா தலையாட்டினாள். அதை நம்பவும் செய்தாள். ஆனால் மாலையில் தன் நிறுத்தத்தில் இறங்காமல் லிலோவான் வரை போனாள்.

பட்டறை விட்டுக் கூட்டம் வெளியே வந்தது. கரி படிந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டம் கலைந்ததும் காவலாளி கேட்டைப் பாதி இழுத்தார்.

“யாரைம்மா பாக்கறீங்க? எல்லாரும் போயாச்சே.”

“உள்ள யாருமே இல்லையா?”

அவர் காவல் கூண்டுக்குள் இருந்த திரையை எட்டிப் பார்த்தார். “அட, கணக்குப்படி இன்னும் ஒருத்தர் இருக்காரே,” என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவர் திரும்பி வரும்வரை அவளால் நிற்க முடியவில்லை. வந்த முதல் ஜீப்னி வண்டியில் ஏறிவிட்டாள்.

மறுநாள் ஹெர்மினியோ அந்தப் பெயரையும் எடுத்துவிட்டார். ஞாயிறன்று பூசை நடந்தது. அந்தக் காவலாளி உள்ளே என்ன பார்த்தார் என்று லியோனிசா கடைசிவரை விசாரிக்கவில்லை.