இரண்டு நாற்காலியிலும் அவளே

கிள்ளான் நகரத்தில் ஒரு கல்லூரிக் கேன்டீனில் நான் தேநீர் ஆற்றுகிறேன். தமிழ் இலக்கியக் கழகத்தின் தலைவியை அங்கேதான் பார்த்தேன். ஒல்லியான பெண், மூக்கில் நிற்காத பெரிய கண்ணாடி. கழகத்தின் பழைய குழுப்படங்களில் மூன்று வரிசையாக நின்றும் இடம் போதாமல் நெருக்கியடித்திருப்பார்கள். இப்போது வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு அவள் ஒருத்திதான் வருவாள். கேன்டீன் மூலையில் இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றின் பக்கம் நின்று ஒரு கட்சியும் மற்றதன் பக்கம் நின்று எதிர்க்கட்சியும் தானே பேசுவாள்.

ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"ஆன்டி, இன்னிக்கு நீங்கதான் நடுவர் லா. கழகத்தை மூடலாமா வேணாமான்னு தலைப்பு. உங்க தீர்ப்பைத்தான் ஆபீஸ்ல சொல்லப்போறேன்."

ஆற்றிக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தேன். "ஃபார்ம் டூவோட பள்ளிக்கூடத்தை விட்டு நின்னவம்மா நானு. என்னைப் போயி கேக்குறியே?"

காலி நாற்காலிகளைக் காட்டினாள். "இவங்க ரெண்டு பேரையும் நம்ப முடியல ஆன்டி. வெளியாள் வேணும்."

யாரும் வருவதில்லை, இறுதிப் பரீட்சை வேறு நெருங்குகிறது, மூடலாம் என்று மளமளவெனப் பேசினாள். மறுபக்கம் போனதும் குரல் அடைத்துவிட்டது. பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மூட வேணாம்னு சொன்ன கட்சிதான் ஜெயிச்சுச்சு," என்றேன்.

"அவ ஒழுங்காவே பேசலையே!"

"அதனாலதாம்மா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

இப்போதும் வியாழனன்று நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறது. பரீட்சையில் அந்தப் பிள்ளை தவறிவிட்டால் பாவம் யாருக்கு என்று நினைக்கையில், தேநீர் ஆற்றுகிற கை நின்றுவிடுகிறது.