ஃபெலிம் மூடிய பள்ளம்

ஃபெலிம் மெக்கேப் முன்கோபி. அடித்தாலும் மனதார அடிப்பான், கொடுத்தாலும் மனதாரக் கொடுப்பான். அவன் வீடு அயர்லாந்துக் குடியரசில் இருந்தது. அவன் புல்வெளியோ ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிரிட்டனில். அயர்லாந்து பிரிட்டனை விட்டுப் பிரிந்து ஐம்பது வருடம் ஆகியிருந்தது; வடக்கு மூலை மட்டும் பிரிட்டனோடு நின்றுவிட்டது. எல்லைக் கோடு போட்ட புண்ணியவான்களுக்கு எவன் மாடு எங்கே மேயும் என்ற கவலையா இருந்திருக்கும்?

அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரன் ஜார்ஜ் எலியட். இவன் கத்தோலிக்கன், அவன் புராட்டஸ்டண்டு. ஆனாலும் அவன் புல்லை அறுக்க இவன் டிராக்டர் போகும், இவன் பசுவுக்கு அவன் காளை வரும். இளவட்டக் காலத்துப் பழக்கம். ஜார்ஜ் வாரத்தில் சில நாள் பிரிட்டிஷ் ராணுவச் சீருடை மாட்டி எல்லைக் காவலுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் பேச்சு குறைந்தது.

அந்தக் கோடையில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்க்கும் துப்பாக்கிக்காரர்கள் அந்த வழியாக வருகிறார்கள் என்று பிரிட்டிஷ் ராணுவம் பாலத்தடி ரோட்டை வெடி வைத்துப் பிளந்தது. அறுத்துப் போட்ட புல் அந்தப் பக்கம் மழையில் கிடந்தது. சுற்றுவழி முப்பது மைல். ஞாயிறு பூசை முடிந்ததும் ஊரே மண்வெட்டியோடு கிளம்பியது. பள்ளம் மூடுவதும் அங்கே பூசையில் சேர்த்திதான். ஃபெலிம் தன் ஜேசிபியால் சாம்பல் நிறக் களிமண்ணைத் தள்ளினான்.

எதிரே ஜார்ஜ் சீருடையில் நின்றான்.

"மூடாதேடா ஃபெலிம். இந்த வழியா வர்றவன் புல்லு அறுக்க வரமாட்டான்."

"என் புல்லு அழுகுது. உன் துரைமாருங்களை வந்து அள்ளிக் குடுக்கச் சொல்லேன்!"

"கழுதை, நான் இங்கதான்டா குடியிருக்கேன்!"

ஃபெலிம் இறங்கி வந்து மண்வெட்டிக் காம்பால் அவன் வாயில் அடித்தான். பல் ஒன்று சேற்றில் விழுந்தது. சிப்பாய்கள் ரப்பர் குண்டு சுட்டார்கள், ஊரார் கல்லெறிந்தார்கள். இருந்தும் சாயங்காலத்துக்குள் பள்ளத்தை மூடியாயிற்று.

செவ்வாய் காலை, பால் கறந்துகொண்டிருந்த ஜார்ஜைக் காரில் வந்த மூன்று பேர் தொழுவத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். மூடிய ரோட்டில் வந்து, அதே ரோட்டில் போனார்கள்.

சாவு வீட்டு மாட்டைப் பக்கத்து வீட்டார் கறப்பது அங்கே வழக்கம். எந்தப் பகையிலும் யாரும் அதை விட்டதில்லை. செய்தி கேட்டதும் ஃபெலிம் யோசிக்காமல் பாலத்தைத் தாண்டி ஓடினான். தொழுவத்தில் ரத்தம் கழுவப்படவில்லை. மடி கனத்த மாடுகள் கதறின. ஜார்ஜின் மனைவி ஹேசல் அவன் பூட்ஸில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள். வாசலில் கார் டயர் இழுத்து வந்திருந்த அதே களிமண்.

"எந்த ரோடு வழியா வந்தீங்க?"

அவன் பூட்ஸை வைக்கோலில் தேய்த்தான்.

"போயிடுங்க ஃபெலிம். வர்றதுன்னா சுத்தி வாங்க. இல்லேன்னா வராதீங்க."

மத்தியானமே அவன் ஜேசிபியை எடுத்துப் போய், தான் மூடிய பள்ளத்தைத் தானே தோண்டினான். சொந்த ஊர்க்காரர்கள் அவனைக் கீழே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். "துரோகி நாயே!" என்று கத்திக்கொண்டே அவன் மைத்துனன் இரும்புக் கம்பியால் வலது கையை உடைத்தான். அதற்குள் பள்ளம் ஓர் ஆள் ஆழம் ஆகியிருந்தது.

சாயங்காலக் கறவைக்கு, ஒரு கையால் வண்டியோட்டி முப்பது மைல் சுற்றி வந்தான். ஹேசல் தொங்கும் கையைப் பார்த்தாள்.

"யாரு உடைச்சது?"

"எங்க ஆளுங்கதான்."

"ஞாயித்துக்கிழமையே உடைச்சிருக்கலாம்," என்று சொல்லி வாளியை அவன் முன்னால் போட்டாள்.

ஃபெலிம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அழுதுகொண்டே ஒற்றைக் கையால் கறந்தான்.