ஊசித்திருகு

நைனார்பாளையத்தில் ஒருவர் வேண்டாமென்று தள்ளிய குட்டி டிராக்டரை நாங்கள் வாங்கினோம். பின்னால் நடந்துகொண்டே ஓட்டுகிற பழைய பெட்ரோல் வண்டி. கீழே நன்றாக ஓடியது, கல்வராயன் மலைக்கு ஏற்றிவந்ததும் கரும்புகை கக்கியது. இங்கே காற்று லேசு. அதே அளவு பெட்ரோல் உள்ளே போனால் இன்ஜின் திணறும். கார்புரேட்டருக்கு அடியில் ஒரு ஊசித்திருகு உண்டு. உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், வெளியே விட்டால் கூடும். என் வீட்டுக்காரர் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுத் திருப்புளியைப் போட்டுவிட்டு எழுந்துபோனார். நான் உட்கார்ந்தேன். கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பிடித்தேன். அதன்பிறகு வண்டி என் கைக்கு வந்தது.

ஆனாலும் அந்தத் திருகு என்னவோ ஊருக்கே பொது என்பதுபோலத்தான் எல்லோரும் நடந்துகொண்டார்கள். வழியில் போகிற ஆம்பளை ஒவ்வொருவரும் குந்தி உட்கார்ந்து கை வைப்பார்கள். பக்கத்தில் நிற்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சரிசெய்வேன்.

மக்காச்சோளத்தில் களை ஏறியிருந்த சமயம். வானம் கறுத்துக்கொண்டிருந்தது, மழைக்கு முன்னால் வரிசைகளுக்கு நடுவே வண்டியை ஓட்டிக் களையை அடித்துவிட வேண்டும். பெட்ரோல் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினால், வீட்டுக்காரரின் அண்ணன் வண்டிக்கடியில் குனிந்திருந்தார். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா பண்றீங்க?"

"பெட்ரோலு ஜாஸ்தி குடிக்குது. கம்மி பண்ணிக்கினு இருக்கேன்."

"நான் சரியாத்தான் வச்சிருக்கேன். வுடுங்க மாமா."

அவர் விடவில்லை. திருகு முட்டி நின்ற பிறகும் பல்லைக் கடித்து இன்னொரு முறுக்கு முறுக்கினார். பிறகு லேசாகத் தளர்த்திவிட்டு வண்டியைக் கிளப்பினார். கிளம்பியது. மண்ணில் இறக்கியதும் இருமி நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது.

"பொம்பள கையில வண்டியக் குட்த்தா இப்டித்தான்," என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேட்டியைத் தட்டினார்.

நான் ஊசியைக் கழற்றிப் பார்த்தேன். கூராக இருக்கவேண்டிய முனையில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. இனி எப்படித் திருகினாலும் பெட்ரோல் ஒரு அளவில் நிற்காது.

"யார்ரா உன்ன இதத் தொடச் சொன்னது?" என்று கத்திவிட்டேன். கட்டிவந்த நாளிலிருந்து அவர் முன்னால் குரல் உயர்த்தியதில்லை.

என் வீட்டுக்காரருக்கு அந்த ஊசி கண்ணில் படவில்லை. "மூத்தவரப் போயி டா போட்டுப் பேசறியா? மன்னிப்பு கேளு," என்றார். அண்ணன்மேல் வந்ததைவிட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகமாக வந்தது. அந்த வண்டி ஓடித்தான் எங்கள் வீட்டில் சோறு. அது அவருக்குத் தெரியாதா?

மறுநாள் ஊசியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். உதிரிபாகக் கடைக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "வூட்டுக்காரர் வரலீங்களா?" என்றார். "ஊசி வேணும். இருக்குதா இல்லியா?" என்றேன். இந்த வண்டிக்கு இப்போது வருவதில்லையாம். இன்னொரு கடையில் தேடிப்பிடித்து வருவதற்குள் மலையில் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. சோளக்காடு முழுக்கச் சேறு. வண்டியை இறக்கவே முடியவில்லை. களை சோளத்தை மூடிக்கொண்டது. கையால் பிடுங்கிப் பார்த்தேன், பாதிக் காடுகூட மீளவில்லை.

கதிர் ஒடித்த பிறகு சொந்தத்தில் ஒரு காதுகுத்து. விளைச்சல் ஏன் இப்படி என்று யாரோ கேட்டார்கள். "இந்த வருசம் மழ கெடுத்துடுச்சி," என்றார் என் வீட்டுக்காரர். பக்கத்தில் அண்ணன் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே பாயசம் குடித்தார்.

"மழையா வந்து திருப்புளியப் புடிச்சிது?" என்று பந்தியிலேயே கேட்டேன். "உங்க அண்ணன் முறுக்கினதச் சொல்லுங்க."

அண்ணன் இலையை மூடிவிட்டு எழுந்துபோனார். அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. என் வீட்டுக்காரர் இன்றும் அதைச் சொல்லி வருத்தப்படுவார், ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வரச் சொல்லுவார். நான் போகவில்லை.